மருதாணி டிசைனுக்கு ஒரு பாஸ்வேர்ட்

சிட்லபாக்கம்,
14.3.2007

அன்புள்ள அத்தாவுக்கு, ஃபாயிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மூட்டுவலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நான் கம்ப்யூட்டரில் வரையும் மருதாணி டிசைன்களை விற்றுக்கொடுத்த வெப்சைட்டை மூடிவிட்டார்கள். அதனால் தாம்பரத்து பிரவுசிங் சென்டர்களில் நோட்டீஸ் ஒட்டினேன். அங்கேயே பணம் கட்டி டிசைனை இறக்கிக்கொள்ளலாம். அதைத் திறக்கும் பாஸ்வேர்டை மட்டும் என் செல்லில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பெண்கள்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு ஆள் தினமும் கூப்பிடுகிறான். டிசைன் எதுவும் கேட்பதில்லை. நேற்று, "பச்ச கேட்டு வூடுதானே? தனியாத்தானே கீறே?" என்றான். "எங்க அத்தா உள்ள தூங்குறாங்க" என்றேன். சிரித்துவிட்டு, "வாசல்ல உன் செருப்பு மட்டும்தானே கீது" என்றான்.

விளையாட்டுக்குப் பேசுகிறவனாக இருக்கும். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். உங்கள் பழைய செருப்பு ஒரு ஜோடியை உடனே பார்சலில் அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போட்டுத் தேய்ந்ததாக இருக்கட்டும். முடிந்தால் ஒரு சட்டையும், கொடியில் காயப்போட.

செல் அடிக்கிறது, முடிக்கிறேன். டிசைன் வாங்கியவர்களாகவும் இருக்கலாம். எடுக்காமல் இருக்க முடியாது, அத்தா.

உங்கள் மகள்
ஃபாயிசா