பூநாரையின் அலகு

1949 பிப்ரவரி 21, திங்கள்

இரண்டாவது பிலிம் சுருளும் வீண். நெகடிவ் தார் போலக் கறுத்துக் கிடக்கிறது. ஸ்டூடியோ வைத்திருக்கும் வில்பிரட் அச்சுப் போட்டுக் காட்டினான். உப்பும் வெள்ளை, பறவையும் வெள்ளை.

"வெளிச்சம் கூடிப்போச்சு அண்ணாச்சி. ஒடம்பக் காணோம், காலு மட்டும் நிக்கி" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உப்பளத்தில் பூநாரை இறங்கியிருப்பதாக நான் எழுதிய செய்தியைப் படித்த ஒருவர், அது வெறும் கொக்கு என்று பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார். படம் வராவிட்டால் மறுப்புப் போடுவதாக ஆசிரியர் சொல்லிவிட்டார். இத்தனை வருஷ வேலையில் என் செய்திக்கு மறுப்பு வந்ததில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் பூநாரையின் சிவப்புத் தெரியாது. கொக்குக்கு இல்லாத அந்த வளைந்த அலகாவது தெரிந்தாக வேண்டும்.

பிப்ரவரி 23

கேமராவின் துவாரம் 8-ல் இருந்தால் வெளிச்சம் அதிகம் புகும், 16-ல் குறைவு. மேகம் என்று 8 வைத்தேன். வெயில் வந்தது போலிருந்தது. 16-க்குச் சுருக்குவதற்குள் பறவைகள் எல்லாம் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டன.

பிப்ரவரி 24

நெகடிவ் மறுபடியும் கறுப்பு.

பிப்ரவரி 26

காலையிலேயே மூட்டம். 8 வைத்து நாலு படம் எடுத்தேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த தங்கத்தாயிடம், மேகம் எப்போது விலகும் என்று கேட்டேன். அவள் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"மேகமா? எங்கன இருக்கு? கண்ணத் தொறக்க முடியல, இவுக மேகங்காக. இருந்தா ஒண்ணு புடிச்சுத் தாங்க அண்ணாச்சி, தலையில போட்டுக்கிடுதேன்."

கோபம் வந்தது. வானத்தைப் பார்த்தேன். சாம்பல்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அப்போதும் சாம்பல்தான்.

பிப்ரவரி 27

ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவர் இடது கண்ணுக்கு மங்கல், வலது கண்ணுக்கு வெறும் புகை.

அப்ப இத்தன நாளும் மாறினது வெளிச்சம் இல்லையா? அந்தப் பூநாரை — நான் என்னத்தப் பாத்து எழுதினேன்?

பிப்ரவரி 28

வில்பிரட்டிடம் சொன்னேன். அவன் கேலி பேசவில்லை. "நாளைக்கு நானும் வாரேன். நம்பர நான் வைக்கேன், நீங்க அமுக்குங்க."

மார்ச் 1

"மொட்ட வெயிலு, பக்கத்துல உப்பு வேற. பதினாறு" என்றான். எனக்கு மூட்டமாகவே இருந்தது. 16-ல் படம் இருண்டுவிடும் என்று, 8-க்கு மாற்றக் கை பரபரத்தது. துவாரத்தைத் தொடாமல் எடுத்து முடித்தேன்.

மார்ச் 2

அச்சை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கால்கள் தெரிந்தன, கழுத்துகள் தெரிந்தன. அலகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல்.

"வளஞ்சிருக்கா?"

"வளஞ்சிருக்கு அண்ணாச்சி. நுனி கறுப்பு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"மாதா மேல சத்தியமா வளஞ்சிருக்கு. கொக்கு இல்ல."

படத்தின் பின்னால் இடமும் தேதியும் எழுதினேன். 'நேரில் கண்டது' என்று எழுதுவது என் வழக்கம். இன்று, 'அலகைப் பார்த்து உறுதி செய்தவர்: வில்பிரட்' என்று எழுதி, மாலைத் தபாலில் சேர்த்தேன்.