கூட்டத்தில் தொலைந்த நூர்ஜகான்

22 பிப்ரவரி 1971, திங்கள். கொலோன்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. காதில் இன்னும் முரசுச் சத்தம்.

திருவிழா ஊர்வலம் பார்க்க மேரியும் நூர்ஜகானும் ஆகன் நகரிலிருந்து வந்திருந்தார்கள். ஊரில் படித்தபோது கல்லூரி விடுதியில் நாங்கள் மூவரும் ஒரே அறை. நூர் ஜெர்மனிக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. ஜெர்மனில் ஒரு வார்த்தை தெரியாது. வேடம் போட்ட கூட்டம் தெருவை அடைத்து நின்றது. வண்டிகளிலிருந்து மிட்டாயை வாரி இறைத்தார்கள். நான் குனிந்து பொறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது நூரைக் காணவில்லை.

மேரி கைகளை வாயருகே குவித்து, "நூரு! எங்கடி இருக்க?" என்று கத்தினாள்.

"மெதுவா, மேரி. எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பக்கத்தில் கோமாளி வேடத்தில் நின்ற பெரியவர் மேரி கத்தியதை ஊர்வலக் கோஷம் என்று நினைத்துவிட்டார். "நூரு! எங்கடி இருக்க!" என்று அவரும் முழங்கினார். அடுத்த வரிசை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க அதே கூப்பாடு. நானும் கத்தினேன்.

தூரத்தில், டிராம் நிறுத்தத்துப் பெஞ்சின் மேல், ஒரு சிவப்புச் சால்வை அசைந்தது.

"இங்க இருக்கேன்டி!"

முண்டியடித்துப் போய்க் கட்டிக்கொண்டோம். அவள் அழவே இல்லை. "ஜெர்மன்காரங்க எல்லாம் என்னைத் தமிழ்ல தேடுறாங்கடி!" என்று குதித்தாள்.

மூன்று வருடமாக இந்த ஊர்த் தெருவில் நான் உரக்கத் தமிழ் பேசியதே இல்லை. இன்று தொண்டை கட்டிவிட்டது. நாளை லேப் வேலையில் குரல் எழும்பாது. எழும்பாவிட்டால் போகட்டும்.