ஏறாவூருக்குப் போன காசு

வெள்ளி இரவு

நடந்ததை ஒளிக்காமல் எழுதப்போகிறேன். உன்னிச்சைக் கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பறைக்காக எங்கள் வாசகர் வட்டத்தார் சேர்த்த காசை, பல தொண்டுச் சங்கங்களுக்கு உதவி அனுப்பும் நிதியம் ஒன்றிடம் நான்தான் கொடுக்கச் சொன்னேன். இன்று பார்த்தால், அது வேறு ஊரான ஏறாவூரில் உள்ள சங்கம் ஒன்றுக்குப் போயிருக்கிறது.

“உன்ன நம்பிக் குடுத்தமே புள்ள, எங்க போயிருக்கு பாத்தியா?” என்றாள் வட்டத்துத் தோழி கோகிலா. எனக்கு அழுகை வந்தது. நிதியத்து அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“பதிவு செஞ்ச சங்கத்துக்குத்தான் நாங்க காசு குடுக்கலாம், உன்னிச்சையில அப்பிடி ஒண்டும் இல்ல மகள். அங்க வாசிப்பறை நடத்துறதே ஏறாவூர் ஆக்கள்தான். நாளைக்குப் புத்தகத்தோட வேன் போகுது, நீங்களும் வாங்களன்.”

கோகிலாவிடம் சொன்னேன். “அப்ப ஜன்னல் சீட் எனக்கு!” என்றாள்.

அந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் கதையை முதலில் வாசிப்பது? யானைக் கதை வேண்டாம். அங்கே யானை உண்மையாகவே வரும். அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.