செபமாலையின் மறுபாதி

அக்டோபர் 7, செவ்வாய்

எங்கள் மாதா கோயில் பங்குத் திருவிழா மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். தலைப்பு, 'குடும்ப செபமாலை எங்கள் இல்லத்துக்குத் தந்தது'. கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கியபடி முதலில் குறிப்பெடுத்து, முன்னுரை, மூன்று கருத்துகள், முடிவுரை என்று பிழையில்லாமல் எழுதி வைத்தேன். வாங்கிப் போக வந்த பக்கத்து வீட்டு பிலோமினா நின்றபடியே படித்தாள்.

"இன்னா ஆன்ட்டி, பரீட்சை பேப்பராட்டம் கீது! ஆமா, அங்கிள் தவறிப் போனப்பறம், ஒவ்வொரு செபத்துக்கும் நீங்க முன்பாதி சொன்னா, பதிலுக்கு மறுபாதி யார் சொல்றாங்கோ?"

"பையன்தான். கனடாவிலிருந்து தினமும் போன்ல சொல்றான்" என்றேன்.

அவன் ஈஸ்டருக்குப் பிறகு பேசவே இல்லை.

"அய்யோ, அத்த எய்தாம வுட்டுட்டீங்களே! அதான் ஆன்ட்டி மெயினே. எய்தி வைங்க, காலைல வந்து வாங்கிக்கிறேன்."

அந்த ஒரு வரியைத்தான் இவ்வளவு நேரமாக எழுதி எழுதி அடிக்கிறேன். எழுதினால் மாதாவின் மலரில் பொய் அச்சாகும். எழுதாவிட்டால் பிலோமினா ஏன் என்று கேட்பாள். பிறகு தெருவே கேட்கும். எந்தக் கருத்தின் கீழும் அது பொருந்தவில்லை.

எழுந்து போய்ச் செபமாலையை எடுத்தேன். முன்பாதியைச் சொல்லிவிட்டு, பழக்கத்தில் சற்று நிறுத்தினேன். துறைமுகத்து லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மறுபாதியையும் நானே சொன்னேன்.

தாள் மேசையில் அப்படியே கிடக்கிறது.