வாப்பாவை ஏசிய பேராசிரியர்

லண்டன்
12.11.1959

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம். இருமல் நின்றதா? உம்மா சுகமா? நான் நலம்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்ததே, மாத்தளையில் யாருக்கும் விளங்கவில்லை. ஸமத் மாமாதான், "வாப்பாட பேர எழுதுங்க மகன், ஒன்னும் ஆகாது" என்றார். எழுதினேன். ஆகிவிட்டது. இங்கே எல்லோருக்கும் நான் ஸெய்னுலாப்தீன்தான். நேற்று வகுப்புக்குப் பிந்திப் போனேன். பேராசிரியர் அத்தனை பேர் முன்னாலும் உங்களை ஏசினார். உம்மாகூட உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை!

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்புங்கள். பொதியின்மேல் உங்கள் பெயரையே எழுதுங்கள், இல்லாவிட்டால் என்னிடம் தரமாட்டார்கள். உள்ளே மட்டும் ஒரு துண்டுக் கடதாசியில் 'சாலிஹ்' என்று எழுதி வைக்க உம்மாவிடம் சொல்லுங்கள். இரண்டு மாதமாக அந்தப் பெயர் சொல்லி என்னை யாரும் கூப்பிடவில்லை.

தபால் எடுக்கும் நேரம்.

உங்கள் மகன்,
சாலிஹ்