சோறு குறைந்த சாப்பாடு

கர்க்கடகம் (நம்ம ஆடி), செவ்வாய் இரவு

எனக்குச் சுகர் வந்த பிறகுதான் இந்த யோசனை வந்தது. திருவனந்தபுரம் தம்பானூரில் என் ஹோட்டலுக்கு வருகிறவர்களாவது உடம்பைப் பார்த்துச் சாப்பிடட்டும் என்று, சோற்றைப் பாதியாக்கி, காயைக் கூட்டி, விலையையும் குறைத்து போர்டு வைத்தேன். அந்தச் சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டாவது தடவை சோறு கிடையாது.

தொப்பை வைத்த ஆபீஸ்காரர்கள் யாரும் அதைச் சீண்டவில்லை. இன்று மத்தியானம் கட்டட வேலை செய்கிற நாகர்கோவில்காரர் ஒருவர் வாங்கினார். எலும்பும் தோலுமான ஆள். சாம்பார் மிச்சம் இருக்க, சோறு தீர்ந்துவிட்டது. கொஞ்சம் சோறு கேட்டார். நான் கல்லாவிலிருந்தே, எல்லாரும் கேட்கும்படி, "இதுக்குச் சோறு கிடையாதுப்பா, உடம்பு குறையச் சாப்பிடுறது இது" என்றேன்.

"குறையறதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி? விலை கம்மின்னு வாங்கினேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பதிமுகப் பட்டை போட்டுச் சிவந்த வெந்நீரை இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு எழுந்து போனார். ஒரு கரண்டி போடு என்று பரிமாறுகிறவனிடம் சொல்லியிருக்கலாம். போர்டில் எழுதிவிட்டோமே என்று சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி வீட்டில் நானே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். "சுகர் இருக்கே" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி போட்டாள்.