டிப்பரின் பக்கக் கண்ணாடி

அப்பா,

இன்று காலை பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்ததும் உள்ளங்கை வெள்ளையாகிவிட்டது. எத்தனை முறை துவைத்தாலும் உங்கள் சட்டைக் காலரை விட்டுப் போகாத அதே சுண்ணாம்புக்கல் தூசி. துடைக்க மனம் வரவில்லை.

பள்ளி லீவில் என்னை டிப்பர் லாரி கேபினில் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலைக்குக் கல் கொண்டுபோவீர்கள். ஒருநாள் பைக்கில் வந்த ஒருவர் நம் லாரிக்கு முன்னால் தடுமாறி ஒதுங்கினார். "இந்நேரம் வூட்டுக்குப் போயி, லாரிக்காரன் கொல்லப் பாத்தான்னு சொல்லுவாரு. நான் உங்கம்மாகிட்ட, பைக்குக்காரன் என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தான்னு சொல்லுவேன். ரெண்டும் நெசந்தான் பாப்பா" என்று சிரித்தீர்கள்.

போன மழையில் உங்கள் லாரி கவிழ்ந்த வளைவு வந்தது. பின்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"இங்கதான் ஒருத்தன் குடிச்சிட்டு வந்து பள்ளத்துல கவுத்தான்."

"இல்லக்கா. ஒரு பொண்ணு ஸ்கூட்டியில குறுக்க வந்துச்சாம். அதைக் காப்பாத்தத்தான் வண்டிய ஒடிச்சாராம். தெய்வம் மாதிரி மனுசன்."

யாராவது இப்படிச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். நெஞ்சு நிறைந்தது.

"அப்ப அவருக்கு எமன் அந்தப் பொண்ணுதான்னு சொல்லு. இதுங்களுக்கெல்லாம் எவன் வண்டி வாங்கித் தாரான்?"

நானும் ஸ்கூட்டி ஓட்டுகிறவள்தான் அப்பா. நீங்கள் கல்லேற்றிப் படிக்கவைத்த காலேஜில் ஒருநாளும் எழுந்து பேசாத நான் திரும்பினேன்.

"அவரு குடிக்க மாட்டாருங்க."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"எங்கப்பாங்க."

அந்த அக்கா மெதுவாகக் கேட்டார். "அந்தப் பொண்ணு?"

"அது தெரியாதுங்க. பாத்தவங்க யாருமில்ல."

பெரம்பலூரில் இறங்கினேன். உங்களைத் தெய்வமாகவே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆபீஸில் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல ஆளில்லை.

மாலை அரியலூரில் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் விட்டிருந்த ஸ்கூட்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது முன்னால் ஒரு டிப்பர். "கண்ணாடியில டிரைவர் மூஞ்சி உனக்குத் தெரிஞ்சாத்தான் அவருக்கு நீ தெரிவ. அப்புறம் முந்து" என்பீர்கள். விலகிப் பார்த்தேன். தலையில் துண்டு கட்டிய யாரோ ஒருவர். அவரும் என்னைப் பார்த்தார். கையை வெளியே நீட்டி, போகச் சொன்னார்.

நான் முந்தவில்லை. நம் ஊருக்குத் திரும்பும் சாலை வரும்வரை, அந்த முகம் தெரிகிற தூரத்திலேயே பின்னால் வந்தேன்.